வெற்றிடத்தில் சூடாக்கியதும் கிராஃபீன் படலத்தின் மின்தடை நான்கு மடங்கு ஏறுகிறது: படலம் கெடுகிறதா?

கேள்வி: ஆய்வு மாணவி, காரைக்குடி

வணக்கம். 25 மைக்ரான் தடிமனுள்ள தாமிரத் தாளின் மேல், ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸில், குறைந்த அழுத்தத்தில் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் செலுத்தி கிராஃபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன்) படலம் வளர்க்கிறேன். அதன் மேல் பிஎம்எம்ஏ என்னும் பாலிமரைத் தாங்கலாகப் பூசி, அம்மோனியம் பெர்சல்ஃபேட் கரைசலில் தாமிரத்தைக் கரைத்து, அயனி நீக்கிய நீரில் அலசி, 300 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் சில்லின் மேல் ஏற்றிய பின், அசிட்டோனால் பிஎம்எம்ஏவை அகற்றுகிறேன். காற்றில் நான்முனை முறையில் அளந்தால், தாள் மின்தடை (படலத்தின் ஒரு சதுரத் துண்டின் மின்தடை) சதுரத்துக்கு 700 ஓம் அளவில் இருக்கிறது.

அதே சில்லை வெற்றிட அறையில் 200 பாகைக்குச் சூடாக்கி, ஆறவிட்டு, காற்றைப் புகவிடாமலே அளந்தால் அது 3,000 ஓமை நெருங்கிவிடுகிறது. காற்றைத் திறந்துவிட்டால் மெல்ல மெல்ல இறங்கி, சில நாட்களில் பழைய அளவுக்கு அருகில் வந்து நிற்கிறது. ஒட்டியிருக்கும் அழுக்கை நீக்கத்தான் சூடாக்குகிறோம்; தூய்மையான படலத்தில் மின்தடை குறையத்தானே வேண்டும்? சூட்டில் படலம் விரிசல் விடுகிறதா, அல்லது வளர்ப்பிலேயே குறை இருக்கிறதா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

பதில்: தேவகோட்டை

முதலில் வளர்ப்பைச் சோதித்துவிடுங்கள், அம்மா. அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. படலம் வளர்ந்த தாமிரத் தாளில் ஒரு சிறு துண்டை வெட்டி, சூடேற்றும் தட்டில் 180 பாகை அளவில் சில நிமிடங்கள் காற்றில் வைத்துவிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். கிராஃபீன் மூடிய இடம் தாமிரத்தின் பளபளப்போடு அப்படியே இருக்கும். மூடாத இடமும், பரல்களுக்கு (தனித்தனியே முளைத்து இணைந்த கிராஃபீன் படிகங்களுக்கு) இடையிலுள்ள எல்லைகளும் ஆக்சைடாகி நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

தாமிரத் தாளின் பரப்பையும் கவனிக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்பு, அதை வார்க்கும்போது அடியில் வைத்த கண்ணாடியிலிருந்து வருவதைப் போல, படலத்தின் சீர்மையும் பெரும்பாலும் தாமிரத்திலிருந்தே வருகிறது. உருளையில் அழுத்திய வரிகள் தாளில் இருந்தால் அந்த வரிகளின் வழியே புதிய பரல்கள் அதிகம் முளைக்கும். மின்வேதி முறையில் மெருகேற்றி, மீத்தேன் விடும் முன் ஹைட்ரஜனில் நெடுநேரம் பதப்படுத்தினால் இது வெகுவாகக் குறையும். மேலும், கிராஃபீன் தாளின் இரண்டு பக்கமும் வளரும். பின்பக்கத்துப் படலத்தை ஆக்சிஜன் பிளாஸ்மாவால் நீக்காமல் கரைசலில் இட்டால், அதன் கிழிசல்கள் நல்ல படலத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

சூட்டில் விரிசல் விட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பதில்: கானாடுகாத்தான்

தேவகோட்டை ஐயா சொன்ன தாமிரச் சோதனையை அவசியம் செய்யுங்கள். ஆனால், விரிசல் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. விரிசல் விட்ட படலம் காற்றுப் பட்டதும் ஒட்டிக்கொள்ளாது. இங்கே மின்தடை தானாகவே திரும்பி இறங்குகிறது என்பதே, படலத்தின் உடல் கெடவில்லை என்பதற்குச் சான்று.

மின்தடையை முடிவு செய்பவை இரண்டு: மின்னூர்திகளின் (மின்னோட்டத்தைச் சுமக்கும் துகள்களின்) அடர்த்தி, அவை எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்னும் இயங்குதிறன். காற்றிலுள்ள நீராவியும் ஆக்சிஜனும், போகாமல் தங்கிய பிஎம்எம்ஏவும் கிராஃபீனிலிருந்து எலக்ட்ரான்களை இழுத்து, அதில் துளைகளை (எலக்ட்ரான் இல்லாத இடங்கள்; இவை நேர்மின்னூர்திகளாக இயங்கும்) ஏராளமாக உண்டாக்குகின்றன. இயங்குதிறன் 2,000 செ.மீ²/வோல்ட்-நொடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4.5 இலட்சம் கோடி துளைகள் இருந்தால் தாள் மின்தடை 700 ஓம் அளவில் வரும். அதே இயங்குதிறனில் அடர்த்தி ஓர் இலட்சம் கோடியாகக் குறைந்தால் 3,100 ஓம் வரும். தங்கள் இரண்டு அளவீடுகளும் இவைதான். சூட்டில் அழுக்கு போகத்தான் செய்தது. ஆனால், மின்தடையைத் தாழ்வாக வைத்திருந்ததும் அந்த அழுக்குத்தான்.

இதை ஊகமாக விட வேண்டாம். சில்லின் அடியிலுள்ள சிலிக்கானையே, மின்னூர்திகளின் அடர்த்தியைக் கட்டுப்படுத்தும் வாயில் (கேட்) மின்முனையாகக் கொண்டு மின்னழுத்தத்தை மாற்றி அளந்து, மின்தடை உச்சம் தொடும் டிராக் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள்; அது சுழி வோல்ட்டிலிருந்து நேர்ப்பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு துளைகள் அதிகம். 300 நானோமீட்டர் ஆக்சைடில் ஒரு வோல்ட்டுக்குச் சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 7,200 கோடி மின்னூர்திகள் மாறும். ஹால் விளைவை (காந்தப் புலத்தில் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை) அளக்கும் வசதி இருந்தால் அடர்த்தியும் இயங்குதிறனும் தனித்தனியாகவே கிடைத்துவிடும். ராமன் நிறமாலையில் (படலம் சிதறடிக்கும் லேசர் ஒளியின் நிறமாலையில்) 1,350 செ.மீ⁻¹ அருகிலுள்ள, படிகக் குறைகளைக் காட்டும் டி முகடு சூட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். குறைகள் பெருகியிருந்தால் அது உயர்ந்திருக்கும்.

மறுமொழி: காரைக்குடி

மிக்க நன்றி, ஐயா. தாமிரத் துண்டு முழுவதும் பளபளப்பு மாறாமல் இருக்கிறது. பரல் எல்லைகள் மட்டும் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. டி முகடு சிறியது, சூட்டுக்குப் பின்னும் உயரவில்லை. டிராக் புள்ளி காற்றில் 58 வோல்ட்டில் இருந்தது, சூடாக்கிய பின் வெற்றிடத்தில் 11 வோல்ட்டுக்கு இறங்கியது. ஒளி ஊடுருவும் மின்முனைக்காகவே இப்படலத்தை வளர்க்கிறேன். ஆய்வுக் கட்டுரையில் எந்த மின்தடையைக் குறிப்பிடுவது?

பதில்: கானாடுகாத்தான்

அப்படியானால் வளர்ப்பு நன்றாகவே இருக்கிறது. உலையின் அமைப்பில் கை வைக்க வேண்டாம். இரண்டு மதிப்புகளையும், அளந்த சூழலையும், அடர்த்தியையும் சேர்த்தே எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் பக்கத்துக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். சித்திரை வெயிலில் அளந்ததோடு அதை ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். எனவே ஒவ்வொரு அளவீட்டோடும் ஈரப்பத அளவையும் குறித்து வையுங்கள்.

மின்முனைக்குத் தாழ்ந்த மின்தடை வேண்டும் என்பதால், துளைகளை வேண்டுமென்றே கூட்டுவதில் தவறில்லை. 2010இல் கொரியாவில் 30 அங்குலப் படலம் வளர்த்தவர்கள், நான்கு அடுக்குகளை ஏற்றித் துளைகளைக் கூட்டியே சதுரத்துக்கு 30 ஓம் அளவை எட்டினார்கள். அப்போதும் ஏறத்தாழ 90 விழுக்காடு ஒளி ஊடுருவியது. ஓர் அடுக்கு உறிஞ்சும் ஒளி 2.3 விழுக்காடே. நைட்ரிக் அமில ஆவியால் துளைகளைக் கூட்டினால் மின்தடை உடனே இறங்கும், ஆனால் நாளடைவில் மீண்டும் ஏறும். ஆகவே, ஏற்றிய படலத்தின் மேல் காப்புப் பூச்சு இட்டு, வாரக்கணக்கில் அளந்த பிறகே அந்த மதிப்பைக் கட்டுரையில் சேருங்கள்.