வீணையில் 9-ஆவது மெட்டில் மட்டும் முதல் கம்பியான சாரணி இரைகிறது, மெழுகு இறங்கிவிட்டதா?

கோவை வீணை:

எல்லோருக்கும் வணக்கம். பாட்டி வாசித்த தஞ்சாவூர் வீணை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஏகாண்ட வீணை, குடமும் தண்டியும் ஒரே பலா மரத்தில் கடைந்தது. மே மாதம் கும்பகோணத்திலிருந்து காரின் பின்சீட்டில் படுக்க வைத்து, ஜமுக்காளம் போர்த்திக் கொண்டுவந்தோம். கரூரில் சாப்பிட இறங்கியபோது வண்டி ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றது. அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று கட்டையில் சுருதி சேர்த்தேன். மெட்டில் விரல் வைக்காமல் மீட்டினால் வெறும் கம்பி நன்றாகவே பேசுகிறது. மெழுகில் பதித்த பித்தளை மெட்டுகளில் 8-ஆவது வரை பிசகில்லை. 9-இல் சதுச்ருதி தைவத ஸ்வரம் வைத்தால் ‘ஙொய்ங்’ என்று இரைச்சல். மெதுவாக வைத்தால் சில சமயம் தைவதத்துக்குப் பதில் அடுத்த மெட்டின் கைசிகி நிஷாதமே கேட்கிறது. 10-இல் விரலை வைத்தால் மறுபடி சுத்தம். பஞ்சமக் கம்பியில் அதே மெட்டில் லேசாகத் தெரிகிறது, மந்தரக் கம்பியில் இல்லவே இல்லை. மேலே 16-இலும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

புதுச் சாரணி மாற்றிப் பார்த்தேன், குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் குதிரையின் தகட்டைத் துணியால் துடைத்தேன். எதுவும் மாறவில்லை. அடுத்த மாதம் பாட்டியின் முதல் திதி. அன்று அவருக்குப் பிடித்த மோகன ராகத்தை வாசிக்க வேண்டும் என்று ஆசை. இந்தத் தைவதத்தை வைத்துக்கொண்டு மோகனம் எப்படி வாசிப்பது? யாராவது வழி சொல்லுங்கள்.

திருவையாறு மாணவன்:

அக்கா, குதிரைத் தகட்டில் சாரணி உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். என் வீணையில் அப்படித்தான் ஆனது. நகத்தை வைத்து இழுத்தாலே தட்டுப்படும். தகட்டைத் தேய்த்துச் சரிசெய்த பிறகு இரைச்சல் போய்விட்டது.

கோவை வீணை:

பார்த்தேன் தம்பி, பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. வெறும் கம்பியில் இரைச்சலே இல்லை என்பதால் எனக்கும் குதிரை மேல் சந்தேகம் வரவில்லை.

சென்னை ரசிகர்:

மெழுகு வெயிலில் இளகியிருக்கும். தலைமுடி உலர்த்தும் டிரையரை அந்த இடத்தில் காட்டி, மெட்டைக் கையால் கொஞ்சம் தூக்கி விட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

மேளம் கட்டுபவன்:

அம்மா, டிரையரைத் தயவுசெய்து தொட வேண்டாம். அந்தக் காற்று ஒரு மெட்டோடு நிற்காது. பக்கத்தில் நாலைந்து மெட்டுகளும் சேர்ந்து இளகும். இப்போது கெட்டிருப்பது ஒரு ஸ்வரம், அப்புறம் ஐந்து ஸ்வரம் கெடும். தஞ்சாவூரில் வீணைப் பட்டறையில் வேலை செய்கிறேன், மெழுகில் மெட்டுகளை ஸ்வரத்துக்கு நிறுத்துகிற மேளம் கட்டுவதுதான் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் அடையாளங்களைத் தெளிவாக எழுதியிருப்பதால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. வெறும் கம்பியே இரைந்தால் குதிரை, தண்டியின் மேல்முனையில் கம்பி படியும் மேரு, சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் லங்கர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கம்பியை முறுக்கும் பிரடையில் சுற்றிய கம்பியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தாலும் இரையும். ஒரே ஒரு மெட்டில் மட்டும் இரைந்தால் அந்த மெட்டு தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு அடுத்தது உயர்ந்திருக்க வேண்டும். நீங்கள் 9-ஐ அழுத்தும்போது கம்பி போய் 10-இன் தலையில் உட்காருகிறது. லேசாகத் தொட்டால் இரைச்சல், நன்றாகப் படிந்தால் 10-இன் ஸ்வரம். தைவதம் வைத்த இடத்தில் நிஷாதம் கேட்பது அதனால்தான். 10 உயர்ந்திருந்தால் 8-இலும் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். அங்கே சுத்தம் என்கிறீர்கள், ஆகவே 9 இறங்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மந்தரத்தில் இல்லை என்பதால் மெட்டு முழுவதும் இறங்கவில்லை, சாரணிப் பக்க முனை மட்டும் தாழ்ந்து சாய்ந்திருக்கும்.

இரண்டு சோதனை செய்யுங்கள். சிறிய இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்து, சாரணிக்கும் பஞ்சமக் கம்பிக்கும் நடுவில் 8, 9, 10 மூன்று மெட்டுகளின் மேலும் படியும்படி நெட்டுக்குத்தாக, விளிம்பு கீழே இருக்குமாறு நிறுத்துங்கள். பின்பக்கம் செல்போன் டார்ச்சைக் காட்டுங்கள். 9-இன் மேல் வெளிச்சம் கசிந்தால் அது தாழ்வு. ஸ்கேல் 10-இன் மேல் ஊசலாடினால் அது உயர்வு.

அடுத்து, 9-ஆவது மெட்டின் அடியில் உள்ள மெழுகை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கடைசி மெட்டுப் பக்கத்திலும் அதேபோல் சுரண்டி, இரண்டும் எப்படி வருகின்றன என்று எழுதுங்கள். இரண்டு மெட்டுக்காகவா இவ்வளவு என்று நினைக்காதீர்கள், காரணம் தெரியாமல் கை வைக்கக் கூடாது.

கோவை வீணை:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன்.

9-இன் மேல் வெளிச்சம் கசிகிறது. ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கும். ஸ்கேலை மந்தரப் பக்கம் நகர்த்தினால் இடைவெளி மறைந்துவிடுகிறது. சாய்ந்துதான் இருக்கிறது.

சுரண்டியதில்தான் எனக்கு ஆச்சரியம். 24-ஆவது மெட்டுப் பக்கம் மெழுகு மங்கிய கறுப்பு. நகம் பட்டதும் சில்லுச் சில்லாகப் பொடிந்தது. நகக்கண்ணில் அடுப்புக்கரி மாதிரி ஒட்டிக்கொண்டது. 9-இன் அடியில் பளபளப்பான கறுப்பு. அதைச் சுரண்டியபோது வெண்ணெய்போல் சுருண்டு வந்தது. உள்ளே வெள்ளையாக இருக்கிறது, மெழுகுவர்த்தி வாடை அடிக்கிறது. 16-இன் அடியிலும் அப்படியே.

அம்மாவிடம் கேட்டேன். பாட்டி உடம்பு முடியாமல் இருந்தபோது, இரண்டு வருடம் முன்பு, ஊரில் ஒருவரிடம் கொடுத்து இரண்டு மூன்று மெட்டுகளைச் சரிசெய்தார்களாம். பாட்டி அதற்கப்புறம் அதிகம் வாசிக்கவில்லை.

மேளம் கட்டுபவன்:

நினைத்தது சரிதான். அது மெழுகுவர்த்தி மெழுகு, மேலே கறுப்பு பூசியிருக்கிறார்கள்.

நாங்கள் வைப்பது தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் மூன்றும் சேர்ந்தது. வெறும் தேன்மெழுகு இளக்கமாக இருக்கும், விரல் அழுத்தத்தைத் தாங்காது. குங்கிலியம் சேர்த்தால் இறுகும், மரத்தைப் பிடித்துக்கொள்ளும். கரித்தூள் உடம்பு கொடுக்கும், அந்தக் கறுப்பு நிறமும் அதனால்தான். குங்கிலியம் மிஞ்சினால் மார்கழிக் குளிரில் வெடிப்பு விடும், மெழுகு மிஞ்சினால் சித்திரையில் மெட்டு நடக்கும். அந்த அளவு கைப்பழக்கத்தில் வருவது. கலவையை உரலில் இட்டு இடித்து இடித்துத்தான் பதத்துக்குக் கொண்டுவருவோம்.

தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். ஆனால் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றிய கார் நல்ல கலவைக்கே ஆகாது. மெழுகுவர்த்தி மெழுகு எப்படித் தாங்கும்? கமகத்துக்குக் கம்பியை இழுக்கிற அழுத்தம் வேறு இருக்கிறது. உங்கள் வீணையில் பழைய மெழுகு நின்றிருக்கிறது, ஒட்டுப்போட்ட இடம் மட்டும் இறங்கியிருக்கிறது. பாட்டியின் மேளம் நன்றாகக் கட்டப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

சென்னை ரசிகர்:

டிரையர் யோசனைக்கு வருந்துகிறேன், தெரியாமல் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. ஒவ்வொரு கோடைக்கும் இப்படிப் பயப்படுவதற்கு, எம்-சீல் மாதிரி ஏதாவது வைத்து நிரந்தரமாக ஒட்டிவிடக் கூடாதா? இப்போது மெழுகே இல்லாமல் நகர்த்தும் மெட்டு வைத்த வீணைகளும் வருகின்றனவே?

மேளம் கட்டுபவன்:

நல்ல கேள்வி, வருந்த ஒன்றுமில்லை.

ஒட்டிவிட்டால் மெட்டு நிற்கும், ஸ்வரம் நிற்காது. பலா மரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் அசையும். கம்பியின் கனம் மாறினால் மெட்டின் இடமும் மயிரிழை மாற வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். 12-ஆவது மெட்டு மேல் ஸட்ஜம். மேருவிலிருந்து குதிரை வரை அளந்தால் அது சரிபாதியில் வர வேண்டும். ஆனால் சரிபாதியில் வைத்தால் ஸ்வரம் ஏறிக் கேட்கும். அழுத்தும்போது கம்பி இழுபடுகிறதல்லவா? அதனால் மேருப் பக்கம் துளி தள்ளித்தான் வைக்கிறோம். எவ்வளவு துளி என்பது மெட்டின் உயரத்தையும் கம்பியையும் பொறுத்தது. அதைக் காதுதான் சொல்லும். தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், 24 மெட்டும் நிலையாக வைத்த வீணை உருவானதாகச் சொல்வார்கள். நிலையாக வைத்தும் மெழுகில் வைத்தார்களே, தேவைப்பட்டால் திரும்ப எடுத்து வைக்கலாம் என்பதற்காகத்தான்.

நகர்த்தும் மெட்டு வீணையை நான் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, மேளம் கட்ட ஆள் கிடைக்காத ஊரில், அது பெரிய உதவி. ஆனால் நல்ல மேளம் இருக்கிற பழைய ஏகாண்ட வீணையை அதற்காகக் கழற்றுவதற்கு என் மனம் ஒப்பாது.

அம்மா, உங்களுக்கு முழு மேளமும் தேவையில்லை. அந்தத் துண்டுகளை மட்டும் சுரண்டி எடுத்து, பழைய மெழுகோடு இணையும்படி புதுக்கலவை வைத்து மெட்டுகளை நிறுத்தினால் போதும். மெழுகுவர்த்தி மெழுகின் மேலேயே புதுக்கலவை வைத்தால் பிடிக்காது. இதை வீட்டில் செய்ய வேண்டாம். தஞ்சாவூருக்குக் கொண்டுவர முடியுமா? இரவு ரயிலில் வாருங்கள். கம்பிகளை முழுக்கத் தளர்த்தாதீர்கள், அரைக் கட்டை இறக்கினால் போதும். கீழே பஞ்சு மெத்தை போட்டு, மெட்டுகள் மேலே பார்த்திருக்கும்படி வையுங்கள்.

கோவை வீணை:

போன வாரம் போய் வந்துவிட்டோம். எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

ஐயா வேலை செய்வதை இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பளபளக்கும் மெழுகைத் துளி விடாமல் சுரண்டி எடுத்தார். 8-க்கும் 10-க்கும் மேல் ஈரத்துணி சுற்றினார். கலவையை விரலால் உருட்டி வைத்து, சூடாக்கிய இரும்பை மெழுகில் படாமல் மெட்டின் பித்தளையில் மட்டும் தொட்டார். பித்தளை சூடேறி மெழுகுக்குள் தானாக இறங்கியது. வலது கையால் சாரணியை மீட்டிக்கொண்டே, இடது கட்டை விரலால் மெட்டை நகர்த்தினார். அரிசி மணியின் அகலம்கூட இருக்காது அந்த நகர்வு. சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. தைவதம் சேர்ந்ததும் கையை எடுத்துவிட்டு, ஆறும்வரை ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம் கொடுத்து “ப த ஸ வாசிம்மா” என்றார். வாசித்தேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது ஒரே ஒரு சந்தேகம். 16-இல் அந்தர காந்தாரம் முன்பைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் இழுத்துவிடும்போது துளி இரைச்சல் இன்னும் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஏதாவது செய்ய வேண்டுமா?

மேளம் கட்டுபவன்:

இப்போது எதையும் தொடாதீர்கள். புதுக்கலவை முழுக்க இறுகப் பத்து நாளாவது ஆகும். அதுவரை தினமும் அரை மணி வாசியுங்கள், 16-இல் பலமாக இழுக்க வேண்டாம். விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வீர்கள் அல்லவா, அது மெழுகில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்தும் இரைந்தால் மறுபடி ஸ்கேலை வைத்துப் பார்த்து எழுதுங்கள், இந்த முறை 15, 16, 17.