பேட்ரனேஜ் = கலைப்புரவு?

எல்லோருக்கும் வணக்கம்.

பேட்ரனேஜ் (patronage), அதாவது கலையையும் கலைஞரையும் பொருள் கொடுத்துத் தாங்கும் ஏற்பாடு, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கலை வரலாற்றுப் பாடத்தை மொழிபெயர்க்கும் நண்பர் நம் குழுவில் கேட்டிருந்தார். இதுவரை ஆதரவு, போஷகம், கொடை, உபயம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. அவருக்கு அவசரம் என்று தெரியும், ஆனாலும் இதில் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. கலைக்குச் சோறு போட்டது யார், அதற்காகக் கலை எப்படி வளைந்து கொடுத்தது என்று மாணவர்கள் கேட்க வேண்டிய இடம் இது. சொல் தப்பாக அமைந்தால் அந்தக் கேள்வியே எழாது.

'ஆதரவு' ரொம்பப் பொது, தேர்தலுக்கும் அதைத்தான் சொல்கிறோம். 'போஷகம்' இன்றைய மாணவர்களுக்கு எட்டாது. 'கொடை' என்றதும் அதியமானும் ஔவையும் கண்ணுக்கு முன் வந்துவிடுவார்கள். தகடூர் என்பது எங்கள் தருமபுரியின் பழைய பெயர், அதனால் எங்களுக்கு அதில் பெருமைதான், ஆனால் கொடுக்கும் கை ஒன்று, வாங்கும் கை ஒன்று என்கிற படத்துக்கு மேல் அந்தச் சொல் நகராது.

எங்கள் தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைப்பதைப் பாருங்கள். வள்ளல் என்று ஒருவரும் கிடையாது. ஊர் கூடிக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள், கூத்து நடத்தும் வாத்தியாரைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுப்பார்கள். காசு இப்படி வருவதால் கூத்தின் அமைப்பே அதற்கு ஏற்றபடி ஆகிவிட்டது. அர்ச்சுனன் தபசு நடக்கும்போதே ஆட்டத்தை நிறுத்தி, அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் சொல்லி வாழ்த்திவிட்டுத்தான் அடுத்த பாட்டு. வெளியூர்க்காரர்கள் இதை இடைஞ்சல் என்பார்கள், எனக்கு அது கூத்தின் உறுப்பாகத்தான் தெரிகிறது. நடக்கும் காலமும் அப்படித்தான், அறுவடை முடிந்து கையில் காசும் ஓய்வும் இருக்கிற மாதங்கள். இப்போது ஊரில் பாதிப் பேர் பெங்களூரிலும் ஓசூரிலும் வேலையில் இருக்கிறார்கள், லீவு கிடைக்கிற நாளுக்குத் தக்கபடி 18 நாள் பாரதம் சுருங்குகிறது. கதையில் எந்தப் பகுதி தங்கும், எது போகும் என்பதை வாத்தியார் மட்டும் தீர்மானிப்பதில்லை, கம்பெனியின் ஷிப்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இன்னும் பின்னால் போனால், சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகற்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. ஒரு கல்லின் முன் நின்று பார்த்தால், வில்லோ வாளோ ஏந்திய வீரன், சில கற்களில் காலடியில் மாடுகள், மேலே வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, அப்புறம் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டவன், அதாவது செத்தவன் பெயர். மழை குறைந்த மேய்ச்சல் நாடு, செல்வம் என்றால் மாடு, அதனால் மாட்டுக்காகச் சண்டை, அதனால் இந்தச் சிற்பம். கல்லை நட்டவர்கள் உறவினரும் ஊராரும், செத்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்டதும் உண்டு. இதை எப்படிக் 'கொடை' என்பது?

'உபயம்' சொன்ன அம்மா நல்ல சொல்லைத்தான் கொண்டு வந்தார், டியூப்லைட் முதல் மண்டகப்படி வரை இன்றும் புழங்குகிற சொல். ஆனால் அது ஒரு பொருளுக்கும் ஒரு நாளுக்கும் மட்டும் பொருந்தும், பல தலைமுறை தொடரும் ஏற்பாட்டை அது தாங்காது.

அதனால்தான் 'புரவு' என்கிறேன். புரவலர் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறார், காப்பது என்ற பொருளில் புரத்தல் என்ற வினையும் இருக்கிறது. சோழர் கல்வெட்டில் புரவு என்றால் நிலவரி, அதற்குப் புரவுவரித் திணைக்களம் என்றே ஒரு அலுவலகம் இருந்ததே, குழப்பம் வராதா என்று சேலத்து ஐயா கேட்டிருந்தார். வரி என்கிற அந்தப் பொருளுக்காகவே இந்தச் சொல் வேண்டும் என்பேன், ஐயா. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயிலில் ஆடும் பெண்களை) அமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் கொடுத்தான், பங்கு என்றால் 100 கலம் நெல். அந்த நெல் அரண்மனையில் விளையவில்லை, ஊர் ஊராக உழுதவர்களிடமிருந்து வந்தது. சாக்கைக் கூத்து என்ற பழைய கூத்தை ஆடியவர்களுக்கு விட்ட சாக்கைக்காணியும் நிலம்தான். கல்வெட்டு கொடுத்த அரசனைப் பெரிதாகச் சொல்லும், விளைவித்தவன் பின்னால் போய்விடுவான். புரவு என்றால் காப்பதும் வரியும் ஒரே சொல்லில் நிற்கின்றன, பேட்ரனேஜைப் படிக்கிறவர்களுக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

ஆகவே பொதுச்சொல் கலைப்புரவு. வகை பிரிக்க அரசுப்புரவு, கோயிற்புரவு, ஊர்ப்புரவு. தலைக்கட்டு வரிக் கூத்து ஊர்ப்புரவில் வரும், ஆங்கிலப் பாடநூலில் அதற்கு இடம் இல்லாவிட்டாலும் தமிழில் கட்டாயம் வேண்டும். ஸ்பான்சர்ஷிப்பை இதற்குள் இழுக்க வேண்டாம், பேனரில் பெயர் போடக் காசு கொடுப்பவரை விளம்பரதாரர் என்று இருக்கிற சொல்லாலேயே சொல்லலாம். ஆர்ட் மார்க்கெட்டுக்கு 'கலைச்சந்தை' போதும்.

எனக்கு இன்னும் முடிவாகாதது ஒன்றுதான். ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) அரசு விழாவில் இத்தனை நிமிடம் என்று அளந்து மேடை கொடுத்துச் சம்பளமும் தருகிறார்களே, அது அரசுப்புரவா, வெறும் கூலியா? கூத்துக்காரர்களோடு பழக்கம் உள்ளவர்கள், அவர்கள் அதை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், அதை வைத்து வரையறையை முடிக்கலாம்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து