கர்துங் லா 72 கி.மீ: கணவன் மனைவியாக ஓடியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நானும் கணவரும் லடாக்கில் கர்துங் லா சேலஞ்ச் ஓடலாம் என்றிருக்கிறோம். கர்துங் கிராமத்தில் தொடங்கி, 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கணவாயைக் கடந்து, லே நகரில் முடியும் ஓட்டம். உச்சியில் நம் ஊரில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் கிடைக்கும். கோத்தகிரி மலைச்சாலையில் பயிற்சி நடக்கிறது, ஆனால் அந்த உயரத்துக்கு இது ஒத்திகை ஆகாது.

எங்கள் சிக்கல் வேகம். ஏற்றத்தில் நான் நிதானமாகப் போய்க்கொண்டே இருப்பேன், அவருக்கு மூச்சு வாங்கும். இறக்கத்தில் அவர் பறந்துவிடுவார், எனக்கு முட்டி வலிக்கும். கடைசிவரை சேர்ந்தே ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்குத் தயக்கம். அதிகாலைக் குளிரில் ஒருவருக்காக இன்னொருவர் நின்றால் உடம்பு விறைத்துவிடாதா? நீங்கள் முழுக்கச் சேர்ந்து ஓடினீர்களா, கணவாய் வரை மட்டுமா? ஒருவருக்குத் தலைவலி, வாந்தி வந்தால் மற்றவர் தொடர்வதா என்று முன்பே பேசி வைத்தீர்களா? (எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டை.)

அப்புறம், லேயில் எத்தனை நாள் முன்னதாகப் போய்த் தங்கினீர்கள்? டயமாக்ஸ் (உயரத்தில் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கப் போடும் மாத்திரை) பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் வருமே, மறைவுக்கு ஒரு மரம்கூட இல்லாத சாலையில் பெண்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? மேலே, ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் தொண்டையில் இறங்காவிட்டால் கடலை மிட்டாய், உப்பு போட்ட உருளைக்கிழங்கு சரிப்படுமா?

ஓடியவர்கள் சொன்னால் போதும். "எதுக்கு இந்த வேலை" என்று கேட்க வீட்டில் மாமியார் இருக்கிறார்.