‘டிட் ஃபிராடு’ என்று எழுதலாமா?

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி:
பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டியின் எடைச்சீட்டில் வியாபாரி கை வைத்துவிட்டார். காலி வண்டி 1,310 கிலோ. அந்த 3-ஐப் பேனாவால் 8 ஆக்கி, 1,810. அரை டன் காய்க்குக் காசு போச்சு. ஆள் ஆந்திராவில் குப்பம் பக்கம் என்பதால் புகாரை ஆங்கிலத்தில் எழுதினேன்: ‘ஹி டிட் எ ஃபிராடு டு மீ.’ மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என்ன தப்பு?

அரூர் டீச்சர்:
‘டிட்’ வராது. கொலை, திருட்டு, மோசடி எல்லாவற்றுக்கும் அங்கே ‘கமிட்’தான். ‘மோசடி செய்தார்’ என்பதை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறீர்கள்.

பென்னாகரத்தான்:
டீச்சரக்கா, ஸ்டேஷனில் கிராமர் பார்த்தா எஃப்ஐஆர் போடுகிறார்கள்? புரிந்தால் போதாதா? பொய்க்கு ‘டெல்’, மோசடிக்கு ‘கமிட்’. இதில் என்ன நியாயம்?

அரூர் டீச்சர்:
நியாயமெல்லாம் கிடையாது தம்பி. நாம் சத்தியம் பண்ணுகிறோம், சண்டை போடுகிறோம். ‘சண்டை பண்ணினேன்’ என்று ஒருவர் சொன்னால்கூடப் புரியும். ‘சத்தியம் போட்டேன்’ என்றால் நீங்களே சிரிப்பீர்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஃபிராடு என்றால் என்ன என்று சொல்கிறது. அதிலும் ‘கமிட்டெட்’தான்.

டைப்பிங் சென்டர்:
கோர்ட்டில் இன்னொன்றும் ஓடுகிறது அக்கா. 1993 செங்கல்வராய நாயுடு வழக்குத் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே ‘ப்ளேயிங் ஃபிராடு ஆன் தி கோர்ட்’ என்று எழுதியிருக்கிறது.

பென்னாகரத்தான்:
பார்த்தீர்களா! மோசடியை விளையாடலாமாம், செய்யத்தான் கூடாதாம்.

அரூர் டீச்சர்:
அது நம் நாட்டு வக்கீல் ஆங்கிலம். லண்டனில் சொன்னால் முழிப்பார்கள். ‘ஹி இஸ் எ ஃபிராடு’ என்று ஆளைச் சொல்வது மட்டும் எங்கேயும் சரி.

டைப்பிங் சென்டர்:
புகாரில் ஆளைத் திட்டாதீர்கள் அண்ணா, நடந்ததைச் சொல்லுங்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவுக்குப் பதில் 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318. இரண்டிலும் இருக்கிற வினை ‘சீட்’. ‘ஹி சீட்டெட் மீ’ போதும். அடுத்த வரியிலேயே எந்த எண்ணை எந்த எண்ணாகத் திருத்தினார் என்று வரட்டும்.

பென்னாகரத்தான்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் டீச்சரக்காவிடம் இவ்வளவு வாங்கிக் கட்டியிருக்க மாட்டேன்.

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி:
சரி, ‘சீட்டெட்’ போட்டுவிட்டேன். எடைச்சீட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன். மற்ற எண்களை விட அந்த 8 மட்டும் கொழுத்துத் தெரிகிறது.