21 அடியில் பம்பர் சேருமா, சேராதா?

வண்டிக்காரன்:
அமெரிக்காவில் மொன்டானாவில் இருக்கிற கிளேசியர் தேசியப் பூங்கா பத்தின இழையில் ஒருத்தர் அள்ளி விட்டிருக்கார்: "ஆர்.வி. (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுங்க, கோயிங்-டு-த-சன் ரோட்டில் லோகன் பாஸ் வரைக்கும் வீட்டோடவே ஏறிடலாம்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியே கிடையாது, லோகன் பாஸ் அதுக்குள்ளதான் வருது. பம்பரையும் சேர்த்துத்தான் 21. வாடகைக்குக் கிடைக்கிறதில் நிறைய 25, 30 அடி. எந்த வீட்டோட ஏறினீங்க சார்?

மலைராஜா:
எழுதினது நான்தான். "ஒருத்தர்"னு என்ன ஜாடை? என் வண்டி சின்னது. கம்பெனி பேப்பரில் 20 அடின்னுதான் போட்டிருக்கு. பின்னாடி சைக்கிள் ஸ்டாண்ட், அவ்வளவுதான். யாரும் டேப் எடுத்து அளக்கலை.

வண்டிக்காரன்:
அளக்கலைன்னா குட்டையாயிடுமா? ஸ்டாண்டோட எத்தனை அடி? நம்பரைச் சொல்லுங்க.

டல்லஸ்மீனா:
அகலத்தை யாராவது பார்த்தீங்களா? கண்ணாடியோட சேர்த்து 8 அடிதான் வரம்பு. கிளாஸ் சி வண்டியில், அதாவது டிரைவர் கேபினுக்குப் பின்னாடி வீட்டுப் பெட்டி வச்ச ஆர்.வி.யில், பெட்டியே எட்டடியைத் தொட்டுடும், அதுக்கு வெளியே ரெண்டு பக்கமும் கண்ணாடி. நீளம் 15 அடியா இருந்தாலும் விட மாட்டாங்க. இதில் லோகன் பாஸிலிருந்து மேற்கே லூப்ங்கிற வளைவுப் பக்கம் இறங்கும்போது பாறை ரோட்டு மேலேயே நீட்டிக்கிட்டிருக்கும். 10 அடி உயரத்தைத் தாண்டினா அதுவும் தலைவலி.

வண்டிக்காரன்:
அகலம் இருக்கட்டும் மேடம். நான் கேட்டது நீளம்.

மலைராஜா:
சட்டம் பேசறவர் யூட்டாவில் இருக்கிற சியான் பார்க் இழையில் என்ன சொன்னார்னு எனக்கு மறக்கலை. 1930ல் திறந்த சுரங்கம், பெரிய வண்டி ரோட்டு நடுவில் போகணும்னா அப்ப ரேஞ்சர் எதிர் டிராஃபிக்கை நிறுத்துவார், அதுக்கு 15 டாலர் வாங்கினாங்க. "பகல் கொள்ளை"ன்னு குதிச்சது யாரு?

வண்டிக்காரன்:
15 டாலர் அதிகம்னு சொன்னேன், கட்டாம போனேன்னு சொல்லலை. பேச்சை மாத்தாதீங்க. பம்பர்.

சேக்ரமெண்டோ சித்தப்பு:
எதுக்குய்யா இந்த ஆர்.வி.? கேலனுக்கு எட்டு, பத்து மைல் கொடுக்கிற பூதம். கார், கூடாரம் போதாதா? ராத்திரி பக்கத்து ஆளோட ஜெனரேட்டர் சத்தம் கேட்டவனுக்குத்தான் தெரியும் இந்தச் சொகுசு.

மலைராஜா:
சித்தப்பு, யெல்லோஸ்டோன் பார்க்கில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. முகாமுக்குப் போய்க் கூடாரம் அடிங்களேன். கிரிஸ்லி கரடி நடமாட்டம்னு கெட்டிச் சுவர் வண்டி மட்டும்தான் விடுவாங்க. துணிக்குள்ள படுக்கிறவங்களுக்கு இடமில்லை.

சேக்ரமெண்டோ சித்தப்பு:
கெட்டிச் சுவர்க்காரருக்குக் கழிவுக் குழாயை மாட்டத் தெரியுமா? கருப்புத் தொட்டியை, அதான் கக்கூஸ் தொட்டியை, முதலில் திறக்கணும், அப்புறம் குளியல் தண்ணி, அதுதான் குழாயைக் கழுவிக்கிட்டுப் போகும். மாத்தித் திறந்துட்டு, கழிவைக் கொட்டுற டம்ப் ஸ்டேஷனில் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிற சீமான்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.

மலைராஜா:
என் தொட்டியைப் பத்தி உங்களுக்கென்ன கவலை?

வண்டிக்காரன்:
தொட்டி, கரடி எல்லாம் தனி இழையில் வச்சுக்கோங்க. காலையிலிருந்து ஒரே கேள்விதான் கேட்கிறேன். 20 அடி பெட்டி, பம்பர், அதுக்குப் பின்னாடி சைக்கிள் ஸ்டாண்ட். கூட்டினா எவ்வளவு? ஒண்ணாங்கிளாஸ் கணக்கு.

மலைராஜா:
ரேஞ்சரே விட்டுட்டார், இவர் விட மாட்டேங்கிறார். இந்தாங்க, லோகன் பாஸில் எடுத்த போட்டோ. இப்ப திருப்தியா?

டல்லஸ்மீனா:
முன்பக்கம் மட்டும் தெரியுது. கண்ணாடி ரெண்டும் யானைக் காது மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே ராஜா சார்!

மலைராஜா:
கண்ணாடியை மடக்கிக்கலாம் மேடம்.

டல்லஸ்மீனா:
மடக்கிட்டு அந்த மலை ரோட்டில் ஓட்டினீங்களா?

வண்டிக்காரன்:
கண்ணாடியை விடுங்க. பின்பக்க போட்டோ எங்கே?