ராத்திரி 2 மணிக்கு மனசை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம், ஒரு சின்ன உதவி. மேனேஜர் "நாளைக்குப் பேசணும்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும், வேலை போச்சு என்று நானே முடிவு கட்டிவிடுவேன், வயிறு கலங்கும், தூக்கம் போய்விடும். கவுன்சலர் நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார்: நடந்தது என்ன, மனசு சொல்வது என்ன, வேறு என்னவாக இருக்கலாம். இது அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் தொடங்கிய சிகிச்சை வழியில் வந்ததாம். பகலில் எழுதினால் நிஜமாகவே படபடப்பு இறங்குகிறது. போன தடவை மேனேஜர் பேசியது லீவு பட்டியலைப் பற்றித்தான்! ஆனால் ராத்திரி 2 மணிக்கு மூன்றாவது கட்டத்தில் எழுதுவதை நானே நம்புவதில்லை, சும்மா சமாதானம் சொல்கிற மாதிரி இருக்கிறது. "எல்லாம் நல்லதுக்கே" வகை அறிவுரை வேண்டாம், ப்ளீஸ். இதைப் பழகியவர்கள் அந்த நேரத்தில் என்ன எழுதுவீர்கள், இல்லை விடிந்த பிறகுதான் நோட்டைத் தொடுவீர்களா?