குற்றாலத்தில் சாரல், நீராவிப் படத்தில் வறட்சி: ஏன்?

செங்கோட்டைக்காரன்:
ஆடி மாசம், கணவாய் வழியா ஈரக்காத்து அடிக்குது, அருவியில தண்ணி கொட்டுது. ஆனா இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோளோட நீராவிப் படத்துல நம்ம பக்கம் கருப்பா, வறண்டு தெரியுது. கருவிக் கோளாறா? தலைக்கு மேல உள்ள மொத்த நீராவியை மில்லிமீட்டர்ல (அத்தனையும் தண்ணியானா எவ்வளவு உயரம் நிக்கும்னு) எதுல பாக்கிறது?

பொருநைக்கரை:
கோளாறு இல்லை அண்ணாச்சி. அந்தச் சேனல் 6.5–7.1 மைக்ரான். அந்த அலைநீளத்தை நீராவி கடுமையா உறிஞ்சும், தரையோரக் கதிர் மேலே வந்து சேராது. தெரியறது பெரும்பாலும் 5 முதல் 10 கி.மீ. உயரம். சாரலுக்கான ஈரமோ முதல் 3 கி.மீ.க்குள் ஓடுற மேற்குக்காத்துல இருக்கு. உயரத்துல காத்து வறண்டா கோள் அதுக்குக் கீழே உள்ள வெப்பமான அடுக்கைப் பார்க்கும், அதுதான் கருப்பு.

மொத்த அளவுக்கு இன்சாட் சவுண்டர் (உயரவாரியா வெப்பம், ஈரம் அளக்கிற கருவி) தரவை இஸ்ரோவோட மாஸ்டாக் தளத்துல எடுங்க. மேகம் மூடின இடம் காலியா வரும்.

களக்காட்டான்:
வானம் வெறிச்ச நாள்ல சென்டினல்-2 (ஐரோப்பியச் செயற்கைக்கோள்) எல்2ஏ கோப்பை, அதாவது வளிமண்டலத் திருத்தம் செஞ்ச படத்தைத் திறங்க, நீராவிப் பட்டை தனியா இருக்கும். பிக்சல் எண்ணை 1000-ஆல் வகுத்தா சென்டிமீட்டர். 4500 என்றால் 45 மி.மீ. நீராவி 945 நானோமீட்டர் ஒளியை விழுங்கும், 865-ஐ அவ்வளவா தொடாது. திரும்பி வர்ற இரண்டின் விகிதம்தான் கணக்கு. அதனால மணிமுத்தாறு அணை, குளங்கள் மேல வர்ற எண்ணை நம்பாதீங்க, தண்ணி அங்கே இருட்டு. மெல்லிய உயர்மேகம் இருந்தா ஒளி பாதியிலேயே திரும்பி, அளவு குறையும். தேரிச் செம்மணல்லயும் குறையலாம்: இரும்பு ஆக்சைடு 865 பக்கமே ஒளியை உறிஞ்சும். மாஞ்சோலையையும் பாபநாசத்தையும் ஒப்பிடும்போது உயரத்தைக் கணக்கில் வையுங்க. மேலே நீராவி இயல்பாவே கம்மி.

செங்கோட்டைக்காரன்:
ராத்திரியில, மேகத்துக்கு அடியில?

பொருநைக்கரை:
22.235 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் மேகத்தைத் தாண்டும், ஆனா கடல்மேலதான் உதவும். நிலம் தானே பலமா உமிழறதால நீராவியின் தடம் அமுங்கிடும். கேரளக் கரைக்கு அப்பால் அரபிக்கடல்ல பாருங்க, நம்ம கணவாய்க்கு வர்ற காத்து அதுதான்.

நிலத்துல ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் மாதிரி கோள்களோட சிக்னலை வாங்குற) நிலையம்தான் சரி. உச்சித்திசை ஈரத்தாமதத்தை (நேர் மேலேயிருந்து வர்ற சிக்னலை நீராவி தாமதப்படுத்துற அளவு, நீளமா சொல்றது) ஏறக்குறைய 0.15-ஆல் பெருக்குங்க: 300 மி.மீ. தாமதம், 45 மி.மீ. நீராவி. மொத்தத் தாமதத்துல இருந்து உலர்தாமதத்தை (மத்த காத்தால வர்றது) கழிக்க ஆன்டெனா இருக்கிற உயரத்தின் காற்றழுத்தம் வேணும். கடல்மட்டத்துக்குத் திருத்தின அழுத்தத்தைப் போட்டா, 50 மீட்டர் உயரத்துக்கே நீராவியைச் சுமார் 2 மி.மீ. குறைச்சுக் காட்டும்.